கடைசி எண்ணிலிருந்து படிப்பது

போன மாதம் என் பழைய மருத்துவமனையிலிருந்து குமரன் போன் செய்தான். சர்வர் அறைக்குப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். இருவரும் நன்றாகப் படித்தவர்கள், வேலை தெரிந்தவர்கள். "ஆனா அக்கா, டிஸ்க் போடும்போது ஏன் நம்பரைத் தலைகீழாப் படிக்கணும்னு கேக்கறாங்க. நான் சொன்னா சிரிக்கறாங்க. நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிடறேன்" என்றான்.

ஒரு பக்கத்தில் முடியவில்லை. சுவரில் ஒட்ட முடியாததாகத்தான் இது வந்திருக்கிறது.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து, பிறகு அங்கே நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு போடும் கவுண்டரில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் நின்றுபோகும்போதெல்லாம் நானே எழுந்து போய் ஏதாவது செய்து ஓட வைத்ததால், ஒருநாள் சர்வர் அறைக்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன், கழுத்தில் டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து வேலை செய்யக் கூடாது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். "அதுக்கு பேக்கப் இருக்கான்னு கேட்டியா?" என்றார் எங்கள் சலீம் சார். அந்த வருடமே வேலையை விட்டேன்.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். என் கணவர் மரக்காணத்தில் உப்பு லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறார். மகள் தர்ஷினி சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரே ஒரு குறை: போனில் இடம் போதவில்லை, பழைய படங்களை அழிக்கவா என்று திரை கேட்டால் நான் ஆம் என்று அழுத்த மாட்டேன். உடனே மகளைக் கூப்பிடுவேன்.

"ம்மா, என்ன படம்னு பாத்தியா?"

"ரோஜாப்பூ. காலை வணக்கம்னு போட்டிருக்குது."

"அழிச்சிடும்மா. உலகம் அழியாது."

அவளுக்கும் தெரியும், நான் ஏன் கேட்கிறேன் என்று. இருந்தாலும் சிரிப்பாள்.

சலீம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று ஊர் திரும்பியவர். எங்களுக்குத் தலைவராக வந்தார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. யாராவது தவறு செய்தால் அவருடைய குரல் இறங்கும். பெரிய தவறு என்றால் இன்னும் இறங்கும். என்ன திட்டுகிறார் என்று கேட்க நாங்களே குனிந்து அவர் பக்கம் காதைக் கொண்டுபோக வேண்டும். அது கத்துவதைவிடக் கொடுமை.

அவர் வந்த பிறகுதான் எங்களிடம் கிளஸ்டர் என்று ஒன்று வந்தது. அதாவது, ஒரு சர்வருக்குப் பதில் இரண்டு. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படங்கள் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் டிஸ்குகளாக இருக்கும். முதல் சர்வர் விழுந்தால், இரண்டாவது சர்வர் தானாகவே அந்த டிஸ்குகளை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். இரண்டுக்கும் கண் தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் கை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பாத்தியில் ஒருவர் உப்பு வாரும்போது, எதிர்க் கரையிலிருந்து இன்னொருவர் இறங்கித் தன்போக்கில் வாரினால் அடிச்சேறு கலங்கி மொத்தமும் வீணாகும். டிஸ்கும் அப்படித்தான்.

புதிய டிஸ்க் ஒன்றைத் தயார் செய்வது பார்ப்பதற்குச் சின்ன வேலை. பெட்டியில் ஒரு பகுதியைப் பிரித்து இரண்டு சர்வர்களுக்கும் காட்ட வேண்டும். இரண்டும் அதைக் கண்டுகொண்டு ஆளுக்கொரு பெயர் வைக்கும். பிறகு ஏதாவது ஒரு சர்வரிலிருந்து மட்டும் அந்த டிஸ்கின் தலைப்பில் ஒரு குறி எழுத வேண்டும், இது இன்னாருடையது, இப்படிப் பயன்படும் என்று. மற்றதில் போய், குறி தெரிகிறதா என்று படிக்க மட்டும் வேண்டும். அதன்பின் கிளஸ்டரிடம் ஒப்படைத்து, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்து, திரும்ப மாற்றிப் பார்த்தால் முடிந்தது.

ஆபத்து அந்தப் பெயரில் இருக்கிறது. சர்வர் வைக்கும் பெயர் வெறும் வரிசைப் பெயர். யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவர் முதல் ஆள். இன்று மூன்றாவதாக நிற்பவர் நாளை ஐந்தாவதாக நிற்கலாம். மாறாதது ஒன்றுதான்: டிஸ்கின் மேல் பெட்டியே பொறித்து அனுப்பும் நீளமான எண். அதை இரண்டு பக்கமும் ஒப்பிட்ட பிறகுதான் எழுத வேண்டும்.

முதல் தடவை நான் ஒப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது. சார் பெட்டியின் திரையைப் பார்த்து எண்ணைப் படித்தார். நான் சர்வரின் திரையைப் பார்த்து, "சரி சார்" என்றேன்.

"என்ன சரி?"

"நம்பர் சரியா இருக்குது சார்."

"அதை நான் எப்படி நம்பறது? நீ படி. கடைசி நம்பர்லேர்ந்து."

"பின்னாடியிலேர்ந்தா?"

"முன்னாடியிலேர்ந்து படிச்சா பாதியிலேயே உன் கண்ணு மீதியைத் தானாப் போட்டுக்கும். பின்னாடியிலேர்ந்து படிச்சா ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்."

ஆகவே அவர் அறையில் அதுதான் வழக்கமானது. ஒருவர் பெட்டி பக்கம், ஒருவர் சர்வர் பக்கம். கடைசி ஆறு இலக்கங்களைத் தலைகீழாக ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் தன் திரையிலிருந்து தலைகீழாகத் திருப்பிப் படிக்க வேண்டும். 'சரி', 'ம்', 'ஓகே' மூன்றுக்கும் அந்த அறையில் இடமில்லை. தட்டச்சு செய்பவர் தனியாக இருக்கவே கூடாது. "கல்யாணத்துல ஐயர் சொல்றதை மாப்பிள்ளை திருப்பிச் சொல்ற மாதிரி இருக்குது சார்" என்று குமரன் ஒருநாள் சொன்னான். அவன் குயிலாப்பாளையத்திலிருந்து பைக்கில் வருவான், வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளை அர்த்தம் தெரியாம சொல்லுவான். நீ தெரிஞ்சு சொல்லு" என்றார் சார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சர்வர் அறையின் மூலையில், ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு கை கல்லுப்பு வைத்திருப்பார். என்னிடம் கேட்டு மரக்காணத்திலிருந்து வரவழைத்தது. அறையில் ஈரத்தைக் காட்டும் மின்கருவி சுவரிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கருவியையும் கடற்காற்று தின்றுவிடும், பிறகு அது என்ன காட்டும் என்று யாருக்குத் தெரியும்? உப்பு கசிந்தால் ஏசி ஈரத்தை எடுக்கவில்லை என்று அர்த்தம், உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். தரச் சான்றிதழ் கொடுக்க வந்த அதிகாரி ஒருவர் தட்டைப் பார்த்து, "இது என்ன, திருஷ்டிக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க. கடல் திருஷ்டி" என்றார் சலீம் சார், முகம் மாறாமல்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

தர்ஷினிக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளியில் மருத்துவ முகாம் நடத்தியவர்கள், இந்த வயதில் இவளுக்கு ஏன் இவ்வளவு ரத்த அழுத்தம் என்று கேட்டு அனுப்பினார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயில் ஓர் இடம் பிறவியிலேயே குறுகியிருந்தது. சென்னையில் ஒரு அறுவை மருத்துவர் திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றார். ரிப்போர்ட் போதாது, ஸ்கேன் படங்களே வேண்டும் என்றார். புதன்கிழமை எங்கள் மருத்துவமனையிலேயே எடுத்தோம். ஊசியில் மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் எரிகிறது என்று அழுதாள், வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கி, உதடு நீலம் பாய்ந்து, மருத்துவர் ஓடி வரும்படி ஆனது. அந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி கொடுப்பது ஆபத்து என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். அந்தப் படங்கள் எங்கள் பொது டிஸ்கில் ஏறின. வெள்ளி மாலை குறுந்தட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

விடுப்பில் போகும்முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கிளஸ்டருக்கு மூன்று புதிய டிஸ்க். காலையிலேயே நானும் சாரும் எண்களைத் தலைகீழாகப் படித்து ஒப்பிட்டாயிற்று. இரண்டாவது சர்வரில் அவற்றுக்கு என்ன பெயர் என்று காகிதத்தில் குறித்தும் வைத்தேன். பதினொரு மணிக்கு ஏதோ கூட்டம் வந்தது. பிறகு சார் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். "வந்து எழுதிக்கலாம்" என்றார். குமரன் மருந்துக் கடைப் பிரிண்டரைப் பார்க்கப் போயிருந்தான்.

ஒரு மணிக்குள் முடித்தால் குறுந்தட்டை எடுத்துக்கொண்டு சீக்கிரம் பஸ் ஏறலாம். காலையில்தான் ஒப்பிட்டாயிற்றே, எழுதுவது மட்டும்தானே என்று உட்கார்ந்தேன். உள்ளே வரும்போது தட்டிலிருந்த உப்பு கசிந்து பளபளப்பாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. சாயங்காலம் ஏசிக்காரருக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் டிஸ்க். இதில் ஏற்கெனவே ஏதோ குறி இருக்கிறது, அழிக்கவா என்று திரை கேட்டது. பழைய இடத்திலிருந்து பிரித்த டிஸ்க் என்றால் இப்படிக் கேட்பது வழக்கம். ஆம் என்றேன். இரண்டாவது. கேட்டது, ஆம் என்றேன். மூன்றாவதும் கேட்டது. ஆம் என்றேன்.

குறி எழுதப்பட்டது என்று வந்தது. மூன்றையும் சேர்த்துப் பட்டியல் எடுத்தேன். முதல் இரண்டும் ஒரே அளவு. மூன்றாவது மிகப் பெரியது. நாங்கள் பிரித்தது மூன்றும் ஒரே அளவு.

ஈரத்தில் ஒரு இணைப்பு விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. அப்படி விட்டுப் பிடித்ததில் டிஸ்குகள் வேறு வரிசையில் வந்து நின்றிருக்கின்றன. காலையில் என் மூன்றாவது புதிய டிஸ்குக்கு இருந்த பெயர், இப்போது ஸ்கேன் படங்கள் இருக்கும் டிஸ்குக்கு. திரை கேட்ட கேள்வியில் இந்த முறை குறியின் வகை வேறாக இருந்தது. நான் கேள்வியைப் படிக்கவில்லை, பதில் மட்டும் சொன்னேன்.

விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன்.

பேக்கப் இருந்தது, ஞாயிறு வரைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்த படங்கள் இந்த ஒரு டிஸ்கில்தான். ஸ்கேன் அறைக்குப் போன் செய்து, கருவிக்குள்ளேயே படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "இடம் இல்லாம நேத்துதான் எல்லாம் க்ளீன் பண்ணேன் மேடம். ஏன்?" என்றார் டெக்னீஷியன். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

குமரன் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது.

"அக்கா, அந்த டிஸ்கை ஒருவாட்டி விட்டுப் பிடிச்சுப் பாக்கலாமா? ரீஸ்டார்ட் பண்ணா..."

"தொடாத."

"இல்லக்கா, சும்மா..."

"குமரா, கையை எடு. சார் வர்ற வரைக்கும் இங்க யாரும் எதையும் தொடக் கூடாது."

அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். சாருடைய போன் அணைந்திருந்தது. இருபத்தைந்து நிமிடம் நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

சார் தொப்பியைப் பைக்குள் மடித்து வைத்தபடி வந்தார். நான் சொன்னேன். அவருடைய குரல் எவ்வளவு இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. சாதாரணமாகக் கேட்டார்.

"எழுதினதுக்கு அப்புறம் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"இவன்?"

"பண்ண விடல."

"முதல் சர்வர் ஓடுதா?"

"ஓடுது சார். ஸ்கேன் ரூம்ல படம் தெரியுது."

"அப்ப உக்காரும்மா. இன்னும் எதுவும் போகல."

அவர் சொன்ன பிறகுதான் நிலைமை எனக்குத் தெளிந்தது. நான் அழித்தது டிஸ்கின் தலைப்பில் இருந்த குறியை மட்டும். உள்ளே படங்கள் அப்படியே இருந்தன. முதல் சர்வர் அந்த டிஸ்கை என்றோ திறந்து கையில் வைத்திருந்தது, எது எங்கே என்பது அதன் நினைவில் இருந்தது, பெயர்ப்பலகை போனது அதற்குத் தெரியாது. தெரியாதவரை ஓடும். ஒரு நொடி அணைந்து எழுந்தாலோ, இரண்டாவது சர்வர் நடுவில் புகுந்து டிஸ்கை வாங்கினாலோ, வெளியே பலகையைத் தேடும். இருக்காது. குமரன் சொன்னபடி செய்திருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

சார் முதலில் கிளஸ்டரின் தானியங்கி மாற்றத்தை நிறுத்தினார். அடுத்து, பெட்டியிலிருந்து அந்த டிஸ்க் இரண்டாவது சர்வருக்குத் தெரியாமல் மறைத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எண்ணைத் தலைகீழாகப் படித்தார், நான் திருப்பிப் படித்தேன். நான் தடுமாறிய இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு நான் தயார் செய்த இரண்டு புதிய டிஸ்குகளையும் முதல் சர்வரில் சேர்த்து, படங்களை அவற்றுக்கு நகல் எடுக்கலாம் என்றார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எந்த நாள்லேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"திங்கக்கிழமை சார். பேக்கப் விட்ட இடத்துலேர்ந்து."

"உன் பொண்ணுது புதன்தானே?"

புதன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் அவளுடைய படங்கள் பத்திரமாகிவிடும். ஆனால் திங்களன்று உப்பளத்தில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு வந்த ஓர் அம்மாவை ஸ்கேன் அறை வாசலில் நானே பார்த்திருந்தேன். அழித்த கை என்னுடையது.

"வரிசையாவே போகட்டும் சார்."

அவர் வற்புறுத்தவில்லை. "சரி" என்றார். அந்த அறையில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

திங்கட்கிழமைப் படங்கள் நகலாகி முடிந்தன. செவ்வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் கூவியது. ஜெனரேட்டர் எழுவதற்கு ஒரு நிமிடம் ஆகும், ஆனால் அன்று எழவில்லை. சார் நாற்காலியிலிருந்து அசையாமல், "குமரா, இந்த ரூம்ல லைட்டு, இரண்டாவது சர்வர், பிரிண்டர் எல்லாத்தையும் அணை. அப்புறம் ஓடிப் போய் ஜெனரேட்டர்காரனைப் பாரு" என்றார். முதல் சர்வரும் பெட்டியும் மட்டும் ஓடின. அவற்றின் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசி நின்றதால் வியர்த்தது. யுபிஎஸ்ஸில் எவ்வளவு மீதி என்று நான் பார்க்கவில்லை, சாரும் சொல்லவில்லை. தட்டிலிருந்த ஈர உப்பைக் கைக்குட்டையில் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "இதை நீ பாத்த, இல்ல?" என்றார், என்னைப் பார்க்காமல். ஆமாம் சார் என்றேன்.

கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது. குமரன் கை முழுக்க டீசலோடு வந்தான். "உதைச்சேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு. இதுக்கும் ஏதாவது நம்பர் இருக்குதா சார், படிக்கணுமா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம்.

புதன்கிழமை வந்தபோது திரையில் நோயாளிகளின் பதிவு எண்கள் ஒவ்வொன்றாக ஓடின. தர்ஷினியின் எண் வந்து போனது. நான் வாய்க்குள் பின்னாலிருந்து படித்துப் பார்த்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு வெள்ளியும் முடிந்தது. நகலிலிருந்து ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கும்படி ஸ்கேன் மருத்துவரிடம் சார் சொன்னார். எதை என்று சொல்லவில்லை, என்னை மட்டும் அவருடைய அறைக்கு அனுப்பினார். மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு என் மகளுடையதைத் திறந்தார். இறுகக் கட்டிய உப்பு மூட்டையின் கழுத்துபோல, குழாய் ஓர் இடத்தில் சிறுத்திருந்தது. எந்தத் தாயும் பார்க்க விரும்பாத படம். எனக்கு அதைவிட அழகான படம் இல்லை.

பெட்டியில் இன்னும் இடம் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய படங்களும் முழுவதும் நகலாகிவிட்டன என்று குமரன் போன் செய்தான். ஒரு படமும் போகவில்லை.

ஆனால் அதற்கு முன், வெள்ளி மாலையே, நடந்ததை எழுதித் தரச் சொன்னார் சார். மூன்று பக்கம் எழுதினேன். ஈரம், இணைப்பு, வரிசை மாறியது, திரை கேட்ட கேள்வி, எல்லாம். படித்துவிட்டு, "எழுதும்போது எத்தனை பேரு இருந்தீங்க?" என்றார்.

"நான் ஒருத்திதான்."

"அதை மேல எழுது. மத்ததெல்லாம் கதை."

எழுதினேன். அதன் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'அவரைத் தனியாக விட்டுப்போனது நான்.' கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். பிறகு, வேறெதுவும் சொல்லாமல், குறுந்தட்டை ஒரு உறையில் போட்டு என் பைக்குள் வைத்தார். அன்று வழக்கமான பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போனேன்.

புதிதாக வந்திருக்கும் இருவருக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை.

படங்களைப் பார்த்த சென்னை மருத்துவர் இரண்டு வாரத்தில் அறுவைக்கு நாள் கொடுத்தார். அன்று காலை தர்ஷினியைப் பச்சை அங்கி மாட்டித் தள்ளுபடுக்கையில் படுக்க வைத்திருந்தார்கள். அறுவை அரங்கின் கதவருகே ஒரு நர்ஸ் அவளுடைய கையில் கட்டியிருந்த பட்டையையும், தன் கையிலிருந்த சீட்டையும் பார்த்தாள். தர்ஷினிக்குப் பின்னால் இன்னும் இரண்டு படுக்கைகள் காத்திருந்தன.

"நம்பர் சரியா இருக்குதுங்களாம்மா?" என்றாள்.

தலையாட்டினால் உள்ளே போய்விடலாம். நான் குனிந்து, பட்டையிலிருந்த எண்ணைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"எதுக்கும்மா தலைகீழாப் படிக்கறீங்க?"

"எங்க அம்மா அப்படித்தான் சிஸ்டர்" என்றாள் தர்ஷினி, படுத்தபடியே. "நீங்களும் படிங்க. இல்லைன்னா விட மாட்டாங்க."

நர்ஸ் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய், விரலை வைத்து, கடைசி எண்ணிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.